கொக்கின் எருது கலந்துகொண்ட மாநாடு

அவன் பிறந்த அன்றைக்கு ஊருக்குள் வெட்டுக்குத்து நடந்துகொண்டிருந்தது. அதனால் ஆதேர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் பேச்சில் பகை என்று பொருள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அவனை யாரும் கூப்பிடுவதில்லை. ஆற்றுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் அவன் கொக்குதான். ஒருவன் எந்த எருதுக்குப் பாட்டுக் கட்டுகிறானோ அந்த எருதின் நிறத்தை வைத்துத்தான் அங்கே ஆளுக்குப் பெயர். புள்ளி எருது வைத்திருப்பவன் சிறுத்தை. ஆதேருடைய எருது கொம்படியிலிருந்து வால் குஞ்சம்வரை வெள்ளை. மருந்துக்கு ஒரு கறுப்பு மயிர் கிடையாது. போதாததற்கு ஆளும் ஆறரை அடி உயரம், குச்சிக்கால். ஈட்டியை ஊன்றி ஒற்றைக் காலில் நின்று மறு பாதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டான் என்றால், அந்தப் பெயரை மாற்ற யாருக்கும் மனசு வராது.

எருதின் பெயர் மாபியோர். வெள்ளை என்றுதான் அதற்கும் அர்த்தம். கன்றாக இருந்தபோதே கொம்பைச் சீவிச் சீவி, ஒன்று முன்பக்கமும் ஒன்று பின்பக்கமும் வளைகிற மாதிரி வளர்த்திருந்தான். கொம்பு நுனியில் குஞ்சம், கழுத்தில் மணி. காலையில் சாணம் எரித்த சாம்பலை முதுகில் தேய்த்துவிடுவான். தேய்க்கும்போது பாடுவான். ஒன்பது வருஷத்தில் நாற்பத்தோரு பாட்டு சேர்ந்திருந்தது.

வெளிநாட்டு உதவி அவனுக்குப் புதுசு இல்லை. ஒரு பஞ்சத்தில் விமானத்திலிருந்து போட்ட சோள மூட்டை அவன் குடிசை மேலேயே விழுந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. கூரை போனதற்கு நிவாரணமாக ஒரு தார்ப்பாய் கொடுத்தார்கள். மூட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். சோளம் வாங்குகிறவர்கள் பட்டியலில் அவன் பெயர் இல்லையாம், கூரை இழந்தவர்கள் பட்டியலில்தான் இருக்கிறதாம். நிவாரண எண்ணெய் வந்த டின்களைத் தட்டி நிமிர்த்திக் கதவு செய்துகொண்டான். சமாதானப் பயிற்சி வகுப்புகளுக்குப் போனதில் நான்கு பனியன் கிடைத்திருந்தது. நான்கிலும் புறா படம். சாணம் அள்ளும்போது அதில் ஒன்றைப் போட்டுக்கொள்வான்.

இக்கரைக்கும் அக்கரைக்கும் ஐந்து வருஷமாகச் சண்டை. எதனால் ஆரம்பித்தது என்று கேட்டால் இங்கே ஒரு கதை, அங்கே ஒரு கதை. செத்தவர்கள் மட்டும் நிஜம். இடையில் ரத்தம் விழுந்துவிட்டால் ஒரு தரப்பின் பாத்திரத்தில் மறு தரப்பு சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடித்தால் சாவு. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, மருந்தகத்தில் ஊசி போடுகிறவருக்குக்கூடக் கிடையாது. கொக்கின் மகள் தபீத்தாவை அக்கரையில் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம் ஆவதற்குள் சண்டை மூண்டுவிட்டது. அங்கே அவளுக்கு ஒரு பெண் குழந்தை, பெயர் அலேக். நான்கு வயது ஆகிவிட்டது. கொக்கு அதன் முகத்தைப் பார்த்ததில்லை. ஊருக்கு வெளியே ஆள் உயரக் கரையான் புற்று ஒன்று இருக்கிறது, அதன்மேல் ஏறி நின்றால் செல்போனுக்குக் கொஞ்சம் கோடு வரும். அங்கே நின்றுகொண்டு பேத்திக்கு எருதுப் பாட்டைப் பாடிக் காட்டுவான். போனில் பேசுவது தீட்டா என்று பெரியவர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து பேசி, குரல் தின்கிற பொருள் இல்லை என்று முடிவு செய்திருந்தார்கள்.

சமாதானம் செய்துவைக்க ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. கைகோர்ப்பு என்று பெயர். பனி விழுகிற ஏதோ ஒரு வடக்கு நாட்டின் பணம். அங்கே தீட்டு கழிய ஒரு வெள்ளை எருதை வெட்டி ரத்தம் விட வேண்டும். முதல் மாநாட்டில் எருதுக்குப் பதிலாக ஒரு பெரிய கேக்கை விமானத்தில் கொண்டுவந்து இரு தரப்புப் பெரியவர்கள் கையையும் சேர்த்துப் பிடித்து வெட்ட வைத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். கேக்கிலிருந்து ரத்தம் வரவில்லை. பதினோராவது நாள் அக்கரை ஆட்கள் மாடு கொள்ளையடிக்க வந்துவிட்டார்கள். இரண்டாவது மாநாட்டில் எருது வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஒப்பந்தக்காரன் ஒருவன் புள்ளி எருது ஒன்றைப் பிடித்து மூக்குவரைக்கும் சாம்பல் பூசிக் கொண்டுவந்து கட்டினான். பெரியவர்கள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. எல்லோர் கண்முன்னாலும் புள்ளி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பாதிப் புள்ளி தெரிவதற்குள்ளேயே கல் பறக்க ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவது மாநாட்டுக்கு ஏற்பாடு நடக்கும்போதுதான் சாந்தினோ மோட்டார் சைக்கிளில் வந்து கொக்கின் டின் கதவுக்கு முன்னால் இறங்கினான். கொக்கின் அக்கா மகன். கைகோர்ப்பில் சமாதான அலுவலர். எட்டுப் பை வைத்த மேல்சட்டை போட்டிருந்தான், எட்டிலும் பேனா.

"மாமா, நல்லா இருக்கீங்களா? மாடு நல்லா இருக்கா?"

"மொதல்ல மாட்டைக் கேட்டுட்டு அப்புறம் என்னைக் கேட்டிருந்தா அது மரியாதை. நீ என்னை மொதல்ல கேக்குற. அப்ப மாட்டுக்கு என்னமோ வச்சிருக்க. சொல்லு."

"வெள்ளம் வந்து அடிச்சிட்டுப் போனதுல ரெண்டு கரையிலயும் சுத்தமான வெள்ளை இது ஒண்ணுதான் மாமா மிச்சம். ஆறு வாரமா தேடிட்டேன்."

"தேடு. இன்னும் ஆறு வாரம் தேடு."

"ரெண்டு நல்ல கிடேரி தரச் சொல்றேன்."

"கிடேரிக்கு நான் என்னன்னு பாடுறது? டேய், உங்கம்மா கல்யாணத்துக்கு உங்கப்பன் வீட்டுல இருந்து பரிசமா வந்த பசுவோட பேரன்டா இது. கணக்குப் பாத்தா உனக்கு அண்ணன் முறை. அண்ணனை வெட்ட ஆள் புடிக்க பேனாவோட வந்திருக்கியா?"

சாந்தினோ தலையைச் சொறிந்தான். கொக்கின் மனைவி நியாந்திட் உள்ளே சோளம் குத்திக்கொண்டிருந்தாள். உலக்கைச் சத்தம் நின்றது.

"ஏம்ப்பா சாந்தினோ, இந்த மாநாட்டுக்குத் தபீத்தா வருவாளா?"

"வருவா அத்தை. அக்கரைப் பொம்பளைங்க பட்டியல்ல நாலாவது பேரு. குழந்தையையும் கூட்டிட்டு வருவா."

நியாந்திட் உலக்கையைத் தூக்கினாள். மறுபடி குத்த ஆரம்பித்தாள். கொக்குக்கு அந்தச் சத்தம் முன்னைவிடப் பலமாகக் கேட்டது.

மறுநாள் அவன் ஒரு வேலை செய்தான். சட்டியின் அடியில் இருந்த கரியைச் சுரண்டி எடுத்து எண்ணெயில் குழைத்து, மாபியோரின் இடது காதுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மச்சம் வைத்தான். புள்ளியை மறைக்கச் சாம்பல் பூசுகிறவர்கள் இருக்கிற நாட்டில் வெள்ளையில் புள்ளி வைத்தவன் அவன் ஒருவன்தான். அப்புறம் புற்றின்மேல் ஏறி சாந்தினோவுக்குப் போன் போட்டான். "மாப்ளே, ஒரு சங்கடம். காதுக்குப் பின்னாடி கறுப்பு இருக்கு. இத்தனை நாள் நானே பாக்கல."

சரிபார்க்க இரு தரப்பிலிருந்தும் பெரியவர்கள் வந்தார்கள். இக்கரைக்கு மாங்கார், அக்கரைக்கு தோங். சண்டைக்கு இல்லாமல் அக்கரை ஆள் ஒருவர் இக்கரை மண்ணை மிதிப்பது ஐந்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கைகோர்ப்பின் காரில் வந்தார். தண்ணீரைத் தன் சொந்தச் சுரைக்குடுக்கையில் கொண்டுவந்திருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எருதின் இரண்டு பக்கமும் நின்றார்கள். தோங் எச்சில் தொட்டு மச்சத்தைத் தேய்த்தார். விரலை மோந்து பார்த்தார்.

"மீன் கொழம்பு வச்ச சட்டி," என்றார்.

மாங்காருக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் ஒரு விரல் தேய்த்து மோந்தார். "கெளுத்தி."

"ஏண்டா கொக்கு, எருதுக்குக் கண் மை வைக்கிற வயசா உனக்கு?"

"இவன் அப்பனும் இப்படித்தான் தோங். கீழ்ப்பல்லு புடுங்கி ஆம்பளையாக்குற அன்னைக்கு மரத்து மேல ஏறி உக்காந்துகிட்டான்."

"எனக்குத் தெரியாதா? ஏணி வச்சு எறக்கினது எங்க சித்தப்பாதானே!"

இரண்டு கிழவர்களும் எருதின் முதுகுக்கு மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். காரில் இருந்த சாந்தினோ அவசரமாக இறங்கி அதைப் போட்டோ எடுத்தான். அறிக்கையில் அது நம்பிக்கை வளர்ப்பு என்று போனது. கொக்கு குனிந்த தலை நிமிராமல் காதைத் துடைத்துவிட்டான்.

அடுத்த சிக்கல் அலுவலகத்தில். எருதை மாநாட்டுக்குக் கொண்டுவருவதற்குக் கயிறு, தீவனம், ஓட்டிவர ஆள் வேண்டும். அதற்கெல்லாம் விதியில் இடமில்லை. கலந்துகொள்கிறவர்களுக்குத்தான் போக்குவரத்தும் சாப்பாடும் உண்டு. சாந்தினோ ஒரு ராத்திரி யோசித்து எருதைக் கலந்துகொள்கிறவர் பட்டியலில் சேர்த்துவிட்டான். பெயர்: மாபியோர் ஆதேர். அங்கே பெயருக்குப் பின்னால் அப்பன் பெயர்தான் வரும், வேறு யார் பெயரைப் போடுவான்? வயது ஒன்பது என்று போட்டால் சிறுவர் பாதுகாப்புப் பிரிவிலிருந்து கேள்வி வரும் என்று இருபத்தொன்பது போட்டான். ஆண். விவசாயி. கையெழுத்துக்கு நேரே குளம்பை மையில் தோய்த்து வைத்தார்கள். மையை நக்கிப் பார்த்துவிட்டு மாபியோர் அமைதியாக நின்றது.

"இதுக்கு முன்னாடி வன்முறையில ஈடுபட்டிருக்காரான்னு ஒரு கேள்வி இருக்கு மாமா."

"போன மழைக்காலத்துல உன்னை முட்டுச்சே."

"அது குடும்பத்துக்குள்ள. இல்லைன்னு போட்டுக்கறேன்."

மாநாட்டு நாள். ஆறு வற்றிக் கிடந்த இடத்தில், இரண்டு கரைக்கும் பொதுவான புளியமரத்தடியில் இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவே சுண்ணாம்புக் கோடு. இந்தப் பக்கம் இக்கரை, அந்தப் பக்கம் அக்கரை. இரண்டு அடுப்பு, இரண்டு சமையல்காரர்கள், இரண்டு அரிசிப் பானை. தண்ணீர் மட்டும் பொதுவில் இருந்தது, மூடி திறக்காத பாட்டிலில். திறக்காத பாட்டில் யாருடைய பாத்திரமும் இல்லை என்று பெரியவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். கலந்துகொண்ட எல்லோருக்கும் பனியன். ஐந்தாவது புறா. மாபியோருக்கும் ஒன்று, அளவு பத்தாததால் கொம்பில் கட்டிவிட்டார்கள். மரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கரிசல் மண்ணை வெட்டிச் சமப்படுத்திய ஓடுதளத்தில் சின்ன விமானம் ஒன்று நின்றது. அதில்தான் பணம் கொடுத்த நாட்டிலிருந்து சோல்வெய்க் என்ற அம்மாள் வந்திருந்தாள். வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. நல்லவள். எல்லோருக்கும் கை கொடுத்தாள், எருதின் நெற்றியையும் தடவிக் கொடுத்தாள்.

கொக்கு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். நாலாவது வரிசையில் தபீத்தா. இளைத்திருந்தாள். அவள் மடியில் நீலப் பாசிமணி போட்ட ஒரு சின்னது, பாட்டில் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தது. தபீத்தா கையைத் தூக்கினாள். கொக்கும் தூக்கினான். கயிறு கையில் இருந்ததால் மாபியோரின் தலையும் சேர்ந்து தூக்கியது.

பேச்சு, படம் வரைதல், கலர் காகிதம் ஒட்டுதல் எல்லாம் முடிந்தது. மத்தியானம் மாங்கார் ஈட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் சோல்வெய்க் அம்மாளுக்குக் காரியம் புரிந்தது. முகம் வெளுத்தது. சாந்தினோவைக் கூப்பிட்டு எதையோ வேகமாகச் சொன்னாள். அவன் திரும்பி வந்து பெரியவர்கள் முன்னால் நின்றான்.

"பெரியவங்களே, அம்மா சொல்றாங்க, அவங்க நாட்டுப் பணத்துல நடக்குற கூட்டத்துல உயிரைக் கொல்லக் கூடாதாம். எழுத்துல இருக்காம். கொன்னா திட்டமே நின்னுடுமாம்."

"வெட்டலைன்னா சமாதானமே நின்னுடும்," என்றார் தோங்.

"பட்டியலைப் பாத்துட்டாங்க வேற. கலந்துக்க வந்தவரைக் கொல்றது இன்னும் பெரிய குத்தம்னு சொல்றாங்க."

"யார்டா அதைப் பட்டியல்ல சேத்தது?"

சாந்தினோ பேனாவை எண்ணினான்.

கொக்குக்குப் பனி விழுகிற அந்த நாட்டின் மேல் திடீரென்று பெரிய மரியாதை வந்தது. "எழுத்துல இருக்குன்னா என்ன பண்றது," என்றான் உருக்கமாக. "அவங்க சட்டத்தை நாம மதிக்கணும்."

"நீ வாயை மூடு," என்றார்கள் மாங்காரும் தோங்கும் ஒரே நேரத்தில்.

கொஞ்ச நேரம் கசமுசா. கடைசியில் சாந்தினோவுக்கு ஒரு வழி தோன்றியது. இரண்டு பெரியவர்களையும் கோட்டின்மேல் கூட்டிவைத்துக் குசுகுசுவென்று சொன்னான். விமானம் நான்கு மணிக்குள் கிளம்பியாக வேண்டும், மேற்கே மேகம் கட்டுகிறது, கரிசல் நனைந்தால் சக்கரம் புதைந்துவிடும். அந்தம்மாள் கிளம்பிவிட்டால் மாநாடு முடிந்தது. மாநாடு முடிந்த பிறகு ஊர்க்காரர்கள் ஊர் எருதை என்ன செய்தால் அவளுக்கென்ன? வெட்டமாட்டோம் என்று இப்போது தலையை ஆட்டினால் போதும். இருவரும் ஆட்டினார்கள். விஷயம் வரிசை வரிசையாகப் பரவியது. ஐந்து வருஷம் ஒருவரை ஒருவர் வெட்டியவர்கள் ஒரே மனதாக விமானத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

விஷயம் கொக்கின் காதுக்கும் வந்தது. அவனும் ஒரு கணக்குப் போட்டான். விமானம் தரையில் இருக்கிறவரை மாபியோருக்கு உயிர் இருக்கிறது. மழை வந்து கரிசல் இளகிவிட்டால் மூன்று நாளைக்கு அது நகராது. மூன்று நாளில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

சோல்வெய்க் விடைபெற வந்து எருதின் கழுத்தைத் தடவினாள். இதற்காகப் பாட்டு பாடுவாராமே என்று சாந்தினோவிடம் கேட்டாள். சாந்தினோ மொழிபெயர்க்காமல் வானத்தைப் பார்த்தான். ஆனால் அவள் கையை வாய்க்கு நேரே வைத்துக் காட்டிவிட்டாள்.

கொக்கு ஈட்டியை ஊன்றினான். ஒரு காலைத் தூக்கி முழங்காலில் வைத்தான். இரண்டு கையையும் கொம்பு மாதிரி, ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் வளைத்துக்கொண்டு பாடத் தொடங்கினான்.

"ஆத்துக்கு மேல விடியுதுன்னு சொல்றாங்க,
விடியல, என் மாபியோர் எழுந்து நிக்குது.
தூரத்துல மேகம்னு குடை தேடுறாங்க,
மேகம் இல்ல, என் மாபியோர் திரும்பிப் பாக்குது..."

சோல்வெய்க் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு பாட்டு முடிந்தது. அவள் கைதட்டி எழுவதற்குள் அடுத்ததைத் தொடங்கினான். கன்றாக இருந்தபோது முதலை வாயிலிருந்து மீட்ட பாட்டு. கொம்பு சீவிய பாட்டு. வெள்ளத்தில் மூக்கை மட்டும் வெளியே நீட்டி நீந்திய பாட்டு. பைலட் கைக்கடிகாரத்தைக் காட்டினான். அவள் ஒரு விரலைக் காட்டினாள், இன்னும் ஒன்றே ஒன்று.

"நிறுத்துடா கொக்கு!"

"நல்லா பாடுறான், ஆனா இன்னைக்கு ஏண்டா பாடுறான்!"

"ஒம்பது வருசத்து மாட்டுக்கு இத்தனை பாட்டா? என் பொண்டாட்டிக்கு நான் ரெண்டுதான் பாடினேன்."

"அதான் அவ உன்கூடப் பேசுறதில்ல."

கடைசி இரண்டு பேச்சும் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நடந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பத்தொன்பதாவது பாட்டு ஓடும்போது மேகம் புளியமரத்துக்குக் கிட்டே வந்துவிட்டது. காற்றில் ஈரம். பொழுது நீண்டுவிட்டதால் பாட்டில் தண்ணீரும் தீர்ந்துபோயிருந்தது. கொக்கு ஓரக்கண்ணால் மேற்கைப் பார்த்துக்கொண்டே குரலை உயர்த்தினான். இன்னும் நான்கு பாட்டு போதும். ஐந்து போதும்.

இருபதாவது, பேத்திக்குப் பிடித்த பாட்டு. புற்றின்மேல் நின்று வாரா வாரம் பாடுகிறது. தொடங்கியது அவன்தான். இரண்டாவது அடியை இன்னொரு குரல் சேர்த்துப் பாடியது. கீச்சுக் குரல். போனில் கேட்ட அதே குரல்.

அலேக் தாயின் மடியிலிருந்து இறங்கி சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி நடந்து வந்துகொண்டிருந்தாள். ஒரு காலைத் தூக்கித் தூக்கி நொண்டியடித்து, கையைக் கொம்பு மாதிரி வளைத்துக்கொண்டு. இருநூறு பேரும் பார்த்தார்கள். தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எருதின் மணியைத் தொட்டாள். கொக்கின் முட்டியைத் தொட்டாள்.

"நீதான் புத்து தாத்தாவா?"

கொக்கு பாட்டை விடவில்லை. விட்டால் போயிற்று. பாடிக்கொண்டே தலையை ஆட்டினான்.

"தாகமா இருக்கு தாத்தா."

அவனுக்குப் பின்னால் நியாந்திட் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சுரைக்குடுக்கை, அரைவாசி தண்ணீர். அலேக் அதைப் பார்த்தாள். நேரே போய் இரண்டு கையாலும் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனாள்.

இரு கரையும் சேர்ந்து போட்ட கூச்சலில் மரத்திலிருந்த பறவை எல்லாம் கிளம்பிவிட்டது. நியாந்திட்தான் தட்டிவிட்டாள். குடுக்கை தெறித்து விழுந்து இரண்டாகப் பிளந்தது. தண்ணீரைக் கரிசல் குடித்தது. அலேக் முதலில் குடுக்கையைப் பார்த்தாள், பிறகு பாட்டியைப் பார்த்தாள். அழவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு, "நான் என்ன பண்ணினேன்?" என்று கேட்டாள். நியாந்திட் அடித்த கையை மறு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தபீத்தாவோட அப்பா," என்றாள். "பாட்டு போதும்."

கொக்கு பாட்டின் நடு அடியில் நிறுத்தினான். தூக்கிய காலைக் கீழே வைத்தான்.

குழந்தையைத் தண்ணீர் குடிக்க ஏன் விடவில்லை என்று சோல்வெய்க் அம்மாளுக்கு விளங்கவில்லை. சாந்தினோ அவள் தோளைப் பிடித்து ஏறக்குறைய தள்ளிக்கொண்டே விமானத்துக்குப் போனான். முதல் தூறல் விழும்போது சக்கரம் தரையை விட்டது. இரு தரப்பும் எழுந்து நின்று கையசைத்தார்கள். அத்தனை உற்சாகமான வழியனுப்பலை எங்குமே பார்த்ததில்லை என்று அவள் பிறகு எழுதினாள்.

கயிற்றை வாங்க இரண்டு இளவட்டங்கள் வந்தார்கள். கொக்கு கொடுக்கவில்லை. கொம்பிலிருந்த பனியனை அவிழ்த்தான். அவனே கோட்டுக்கு நடத்திப் போனான். வலது கொம்பு அக்கரைப் பக்கம், இடது கொம்பு இக்கரைப் பக்கம் பார்க்க நிறுத்தினான். மாங்காரும் தோங்கும் மாறி மாறி எருதின் காதில் எல்லாச் செத்தவர்கள் பெயரையும் சொன்னார்கள். பட்டியல் நீளமாக இருந்தது. தூறல் நனைத்தது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஈட்டி விழும்போது கொக்கு கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். விலகு என்று யாரும் சொல்லவில்லை. அது மண்டியிட்டபோது அவனும் மண்டியிட்டான்.

பிறகு தபீத்தா கோட்டைத் தாண்டி வந்து அம்மாவின் பானையில் தண்ணீர் மொண்டு தானும் குடித்துக் குழந்தைக்கும் கொடுத்தாள். அலேக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள். சாகவில்லை.

அதற்கப்புறம் கொக்கு பாடவில்லை. மூன்று மாதம் ஊரில் யாரும் அவனிடம் பாட்டுப் பேச்சு எடுக்கவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு இளம் எருதை ஓட்டிவந்து கட்டினார்கள். தங்களிடம் இருந்ததில் நல்லது அதுதான் என்றார்கள். உடம்பெல்லாம் புள்ளி. அவன் தண்ணி காட்டினான், சாணம் அள்ளினான், அவ்வளவுதான். "இனிமே உன்னைச் சிறுத்தைன்னு கூப்பிடணுமா?" என்று தோங் ஒருநாள் கேட்டதற்கு, "கூப்பிட்டுப் பாரும்," என்றான்.

அலுவலகத்திலிருந்து மாபியோர் ஆதேருக்கு ஒரு சான்றிதழ் வந்தது. மோதல் தீர்க்கும் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தாராம். கொக்கு அதை டின் கதவில் ஆணியடித்து வைத்தான். வருஷம் திரும்பியதும் சோல்வெய்க்கிடமிருந்து கடிதம். அவள் நாட்டில் அந்த எருதின் படத்தை வாழ்த்து அட்டையில் போட்டிருக்கிறார்களாம். பள்ளிப் பிள்ளைகளெல்லாம் எருது நலமா என்று கேட்கிறார்களாம். நலமாக இருக்கிற மாதிரி ஒரு புதுப் படம் அனுப்பினால் அடுத்த கட்ட உதவி வரும். இரு கரைக்கும் சேர்த்து ஒரு கிணறும் மருந்தகத்துக்குக் கூரையும்.

அன்று சாயங்காலமே மாங்கார் வீட்டில் பேச்சு. தோங் வற்றிய ஆற்றைத் தாண்டி நடந்து வந்தார். சொந்தக் குடுக்கை கொண்டுவரவில்லை. எருதை வெட்டியதைப் பற்றி யாராவது ஒருவன் வாயைத் திறந்துவிட்டால் கிணறு போய்விடும். கிணறு போனால் யார் வாயைத் திறந்தான் என்று சண்டை வரும். ஆகவே ஒருத்தனும் திறக்கக் கூடாது. இரு கரையும் சத்தியம் செய்தது.

மறுநாள் புளியமரத்தடியில் புள்ளி எருதை நிறுத்தினார்கள். கொம்பில் பழைய பனியன். தோங் ஒரு பக்கமும் மாங்கார் ஒரு பக்கமும் சாம்பல் தேய்த்தார்கள்.

"அடிவயித்துல அழுத்தித் தேய்யா, தெரியுது."

"உன் பக்கத்தைப் பாரு மொதல்ல, தொடை பூரா சிறுத்தை."

"கொக்கு, நீ வந்து தேய். உனக்குத்தான் கை பழக்கம்."

கொக்கு சாம்பல் குவியலுக்குக் கிட்டே வந்தான். அப்புறம் ஒரு கை சாம்பல் அள்ளி முதுகில் வைத்துத் தேய்த்தான். கை தானாகப் பழைய தடத்தில் போயிற்று. தண்டுவடத்தில் நீளமாக ஒரு இழுப்பு, திமிலில் ஒரு சுற்று. எருது முதுகை நெளித்தது. ஒன்பது வருஷம் அந்தக் கையோடுதான் பாட்டும் வந்திருக்கிறது. வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

"பாடு தாத்தா," என்றாள் அலேக்.

"எதை?"

"இதுக்கு உள்ளதை."

"இதுக்கு இன்னும் ஒண்ணும் இல்லடி."

"முகத்துல சாம்பல் பூசி ஏமாத்துற மாடுன்னு பாடு."

சாந்தினோ செல்போனை நிமிர்த்திக் கோணம் பார்ப்பதற்குள் முகத்தில் ஒரு துளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தான். மேற்கே கறுத்துக் கிடந்தது. எருதின் பிட்டத்தில் இரண்டாவது துளி விழுந்து, பைசா அகலத்துக்கு ஒரு கறுப்புப் புள்ளி வெளியே வந்தது.

"ஐயோ, போச்சு!"

கொக்குதான் ஓடினான். குடிசைக் கூரையிலிருந்து அந்தப் பழைய தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்தான். மாங்கார் ஒரு முனை, சம்பந்தி ஒரு முனை, தோங் ஒரு முனை, கொக்கு ஒரு முனை. எருதுக்கு மேலே விரித்துப் பிடித்தார்கள். மற்றவர்களும் நுழைந்து நடுவில் கையைக் கொடுத்துத் தாங்கினார்கள். மழை சடசடவென்று தார்ப்பாயில் கொட்டியது. யார் எந்தக் கரை என்று பார்க்க இடமில்லாத நெரிசல். எருது நடுவில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"கொக்கு, உன் பக்கம் தூக்குடா, தண்ணி என் கழுத்துல எறங்குது!"

"தூக்கித்தான்யா இருக்கேன். இதுக்கு மேல தூக்கணும்னா நான் புத்து மேலதான் ஏறணும்."

"சாந்தினோ, கால்கள்லாம் படத்துல விழாம எடு!"

"அசையாதீங்க. யாரும் சிரிக்காதீங்க. மாமா, குறிப்பா நீங்க."